ஓரகத்தி வீட்டுக் கட்டில்

பட்டுக்கும் நகைக்கும் நான் பொறாமைப்பட்டதில்லை. அது நல்ல குணத்தால் அல்ல. எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் அதிகம் நகை போடுவதில்லை. பார்த்துப் பெருமூச்சு விட வாய்ப்பு அமையவில்லை, அவ்வளவுதான். நான் வயிறெரிந்தது ஒரு குழந்தைக் கட்டிலுக்காக. மெஷின் வந்து இறங்கிய பெட்டிப் பலகையில் செய்த, முழங்கால் உயரக் கட்டில் அது. இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழுகிறது.

யுத்த காலம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். என் கணவருக்கு ராஜபாளையத்தில், பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஒரு ஜின்னிங் பாக்டரியில் ஸ்டோர் குமாஸ்தா வேலை. அரிசி விற்ற விலைக்கு ஒரு சம்பளத்தை விட்டுவிட்டுக் குடும்பம் நடத்த முடியாது. ராஜபாளையத்துக்கு மாற்றல் கேட்டிருந்தேன். இடம் காலியானால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் அங்கே தம் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டார். நானும் எங்கள் மகளும் இங்கே இருந்தோம். அவளுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை.

அண்ணன் அதே பாக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். அவர் மனைவிதான் என் ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன், என் கணவர் மதினி என்பார். கல்யாணமாகி வெகு வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ஊரில் யாரும் அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார்கள். அவ்வளவு சுத்தமான வீட்டில், அவ்வளவு நிமிர்ந்து நடக்கிறவளிடம் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

சனிக்கிழமைதோறும் நான் மகளைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் போவேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பி நேரே பள்ளிக்கூடம். பெட்ரோல் கிடைக்காமல் எல்லாம் கரி பஸ்ஸாகிவிட்ட காலம். வண்டிக்குப் பின்னால் கட்டியிருக்கும் கரி அடுப்பின் விசிறியைக் கிளீனர் சுற்றிச் சுற்றி அனல் ஊதிவிட்டால்தான் வண்டி நகரும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். போய்ச் சேரும்போது என் சேலை, குழந்தையின் கவுன், மடியில் இருந்த படுக்கை மூட்டை எல்லாம் ஒரே கரி. மூட்டையில் ஒரு கோரைப்பாய், ஒரு தலையணை, இரண்டு பழஞ்சேலைத் துண்டு. தூளிக்கயிறும் கொண்டுபோனேன், பிரயோஜனப்படவில்லை. அது வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த பாக்டரி லைன் வீடு. மேலே தகரமும் இரும்புச் சட்டமும் எட்டாத உயரத்தில் இருந்தன.

முதல் தடவை குழந்தையைப் பாயில் எனக்கும் சுவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டேன். பஸ் அலுப்பில் செத்தவள் மாதிரித் தூங்கிவிட்டேன். விடிந்து கண் திறந்தால் பாயில் பிள்ளை இல்லை. உருண்டு உருண்டு அடுப்பங்கரை வரை போய், ஆட்டுரலுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் இடையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி எறும்பு கடித்துச் சிவந்திருந்தது. அக்காதான் முதலில் பார்த்திருக்கிறாள். தூக்கித் தோளில் போட்டு, ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லி ஆறியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது கட்டில் வந்திருந்தது.

பாக்டரித் தச்சரைப் பிடித்துச் செய்ய வைத்திருந்தாள். நாலு பக்கமும் சட்டம். சட்டத்துக்குச் சட்டம் குழந்தையின் தலை நுழையாத அளவு நெருக்கம். சிராய் குத்தாதபடி ஒவ்வொரு பலகையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விளிம்பை உருட்டிவிட்டிருந்தது. நாலு காலும் நாலு காலிப் பால் டப்பாவில் நின்றன. டப்பாவில் தண்ணீர், எறும்பு ஏறாமல் இருக்க. இலவம்பஞ்சு மெத்தை, அதன் மேல் மெழுகுத்துணி, அதன் மேல் சோடா போட்டு அவித்துக் கஞ்சி போடாமல் உலர்த்திய வேட்டித் துணி. மேலே கொசுவலை. துணிக்கு ரேஷன் கார்டு போட்டிருந்த நாளில் அவளுக்கு வலைத்துணி எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்குப் போட்டேன்லா வலை முக்காடு, அதைப் பிரிச்சேன். பெட்டில சும்மாதான கெடந்துச்சு" என்றாள்.

என்னுடைய முக்காடும் பெட்டியில் சும்மாதான் கிடந்தது. எனக்குத் தோன்றவில்லை. அங்கே ஆரம்பித்தது எனக்கு எரிச்சல்.

பஸ்ஸிலிருந்து வந்த களைப்பில் குழந்தையை அப்படியே கட்டிலில் விடப் போனேன். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். "பஸ் கவுனோட படுக்கப் போடாத. காலக் கழுவி, வேற சட்டை மாத்திப் பொறவு போடு. மூஞ்சில கரி இருக்கு பாரு." சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் தாங்க முடியவில்லை. பெற்றவள் நான், என் பிள்ளையைப் படுக்கப் போட எனக்குச் சட்டம் சொல்லித் தருகிறாள். நான் குழந்தையின் காலைக் கழுவினேன். வேண்டுமென்றே செம்புத் தண்ணீரை முற்றமெல்லாம் சிந்தினேன். அவள் துடைப்பத்தை எடுத்துவந்து தள்ளிவிட்டாள்.

அன்று என் மகள் தூங்கிய தூக்கத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீட்டில் அவளைத் தூங்க வைப்பதென்றால் தூளி ஆட்டி, தட்டிக்கொடுத்து, பாடி, மிரட்டி, கடைசியில் நானும் சேர்ந்து அழாத குறை. அந்தக் கட்டிலில் அக்கா போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒருக்களித்துப் படுத்து ஒரு நிமிஷம் வலையைப் பார்த்தாள், தூங்கிப்போனாள். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "மதினி கைராசி" என்றார். அன்றைக்கு அவர் கேட்ட ரசத்தை நான் வைக்கவில்லை.

திங்கட்கிழமை ஊர் திரும்பியதும் தொல்லை தொடங்கியது. பள்ளிக்கூட நேரத்தில் மகளைப் பள்ளி ஆயா ஒருத்தி பார்த்துக்கொள்வாள். மத்தியானம் வேப்பமரத்துக் கிளையில் தூளி கட்டித் தூங்கப் போடுவாள். இப்போது தூளியில் போட்டால் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "பெம்மா கட்டில், பெம்மா கட்டில்" என்று அழுகை. பெம்மா என்றால் பெரியம்மா. ஆயா என்னிடம், "யாரு டீச்சர் அது, பெம்மா? நல்லாப் பாத்துக்கிடுவாக போல" என்று கேட்டாள். அவள் நல்ல மனுஷி, ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. நான் அவளிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சில வாரம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா அந்தப் பேச்சை எடுத்தாள். என் கணவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையை வாரா வாரம் கரி பஸ்ல அலைக்கழிக்கணுமா? அவ இங்கனயே இருக்கட்டும். நீ பள்ளிக்கூடம் முடிஞ்சு வாராவாரம் வந்து பாத்துட்டுப் போ. மாத்தல் வந்ததும் கூட்டிக்கிடு."

என் கணவர் நிமிர்ந்து பார்க்காமல், "நானும் இங்கதான இருக்கேன். அங்க மரத்தடில ஆயா கூடக் கெடக்கறதுக்கு இது எம்புட்டோ தேவலை" என்றார்.

இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உடனே புரிந்துபோனது. மாற்றல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் ஆகலாம், யுத்தம் முடியும்வரைகூட ஆகலாம். அதற்குள் என் மகள் யாரை அம்மா என்பாள்? பிள்ளையில்லாத மூத்தவளுக்கு இளையவள் பிள்ளையைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் புதுசும் இல்லை. தத்து என்று யாரும் வாயால் சொல்வதில்லை. "அங்க இருந்து வளருது" என்பார்கள், அவ்வளவுதான். அப்படி வளர்ந்தவர்கள் பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடுவதை நானே கேட்டிருக்கிறேன்.

"ஈஸ்டர் வரைக்கும் பார்ப்போம்" என்றேன்.

கட்டில்தானே காரணம், அதற்கு மேலான படுக்கையை நானே செய்கிறேன் என்று வீம்பு பிடித்தது. இலவம்பஞ்சு வாங்கினால் அவளைப் பார்த்துச் செய்ததாகிவிடும். பருத்தி பாக்டரியில் வேலை பார்ப்பவர் பெண்டாட்டி நான், பஞ்சுக்கு எங்கே போவேன்? பாக்டரியில் தரையில் கூட்டி ஒதுக்கிய பஞ்சை வேலைக்காரர்கள் தலையணைக்கு எடுத்துப்போக விடுவார்கள். அவரிடம் சொல்லி ஒரு சாக்கு எடுத்துவரச் செய்தேன். பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. வெயிலில் போட்டு அடித்துப் பிரிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டுமே. அப்படியே திணித்து, பூப்போட்ட சீட்டித்துணியில் உறை தைத்து, ஓரத்துக்குக் குஞ்சம் வைத்தேன். சுருட்டிக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனபோது பக்கத்தில் இருந்தவள், சோழபுரத்துக்காரி, "அழகா இருக்கே" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

லைன் வீட்டில் அந்த மெத்தையைத் தரையில் விரித்து, "இன்னைக்கு அவ எங்கூடத்தான்" என்றேன். அக்கா மெத்தையை ஒரு ஓரத்தில் கிள்ளிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்து நிறுத்திக்கொண்டாள்.

மத்தியானத் தூக்கத்திலேயே சாயம் வெளுத்தது. கொட்டைப் பருத்தியோடு பாக்டரிக்கு வரும் சாம்பல் நிறப் பூச்சி ஒன்று உண்டு. நசுங்காமல் தப்பியவை கூட்டிய பஞ்சில் தங்கிவிடும். குழந்தையின் உடம்புச் சூடு பட்டதும் தையல் வழியாக ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவள் சொறிந்துகொண்டு வீல் என்று அலறினாள். சட்டையைக் கழற்றினால் முதுகு, தொடை எல்லாம் தடிப்பு. நான் திகைத்து நிற்க, அக்கா பிள்ளையை வாங்கிக் குளிப்பாட்டி, தேங்காயெண்ணெய் தடவி, தான் செய்வித்த கட்டிலில் போட்டாள். பிறகு என் மெத்தையை வெளியே இழுத்து வெயிலில் போட்டாள். தெருவே பார்த்தது. எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மாள் பூச்சிகளைக் குனிந்து பார்த்து, என்னையும் பார்த்து, "பாபம், பாபம்" என்றாள். பூச்சிக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

"கூட்டுன பஞ்சு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். சொன்னா நீ வேற மாதிரி நெனைப்ப" என்றாள் அக்கா.

தெரிந்தும் சொல்லாமல் இருந்தாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லியிருந்தாலும் பற்றித்தான் இருக்கும் என்பது வேறு விஷயம். என் கணவர் அன்று மாலையே, "ஈஸ்டர் என்ன ஈஸ்டர், அடுத்த வாரத்துலருந்து இங்கயே விட்ரு" என்றார். தடிப்பு என் பிள்ளையின் முதுகில் இருந்தது, என்ன பேசுவது?

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து பெண்கள் கூட்டம் இருந்தது. அக்கா, "நீ இருந்துட்டு வா, நான் பிள்ளையைத் தூங்கப் போடுதேன்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குக் கூட்டத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஜெபத்துக்குக் கண்ணை மூடியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக் கதவு சாத்தாமல் இருந்தது. ஆண்கள் இருவரும் பாக்டரிப் பக்கம் போயிருந்தார்கள். கட்டிலில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலை ஒட்டி வெறும் சிமெண்டுத் தரையில் அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பாய்கூட விரிக்கவில்லை. அவளுடைய வலது கை வலைக்கு அடியில் போய், சட்டங்களுக்கு நடுவே நுழைந்திருந்தது. அவள் ஆட்காட்டி விரலை என் மகள் முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அக்காவும் தூங்கிக்கொண்டிருந்தாள். கை மரத்துப் போயிருக்கும், ஆனாலும் எடுக்கவில்லை.

இலவம்பஞ்சு இல்லை, வலை இல்லை, டப்பாத் தண்ணீர் இல்லை. பிள்ளையைத் தூங்க வைத்தது இந்த விரல்தான். நான் ஏதோ கட்டில் என்று நினைத்துக் குஞ்சம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும்போல் இருந்தது. உண்மையாகவே இருந்தது. அதற்குப் பதிலாக ஆணியில் தொங்கிய பையை எடுத்துக் குழந்தையின் துணிகளைத் திணித்தேன். சத்தம் கேட்டு அக்கா எழுந்தாள்.

"எங்கட்டி கெளம்புத?"

"ஊருக்குப் போறேன். பிள்ளையோட. இனிமே அவ எங்கூடத்தான் இருப்பா, அவியகிட்டயும் சொல்லிருங்க."

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். எதைப் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு குனிந்து வலையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"கட்டிலையும் கொண்டு போ. அது இல்லாம தூங்க மாட்டா."

பெரிய மனசு என்று ஊர் சொன்னது. நான் அப்படி நினைக்கவில்லை. கட்டில் மட்டும் போனால் போதாது என்று அவளுக்குத் தெரியும். போய்ப் பார், திரும்பி வருவாய் என்று சொல்லித்தான் கொடுத்தாள் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வீம்பு போதவில்லை. கட்டில் பஸ்ஸின் மேலே ஏறியது. இறங்கும்போது வலையெல்லாம் கரி.

ஊரில் எல்லாம் அவள் செய்தபடியே செய்தேன். வலையைச் சோடாவில் அவித்தேன், கால்களுக்கு டப்பா வைத்தேன், குழந்தையின் காலைக் கழுவிச் சட்டை மாற்றினேன். மகள் கட்டிலில் படுத்தாள். சட்டத்துக்கு வெளியே கையை நீட்டிக் காத்திருந்தாள். நான் தரையில் படுத்து என் விரலைக் கொடுத்தேன். கண்ணை மூடியபடியே விரலை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். தள்ளிவிட்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்து அழுதாள்.

பெற்ற பிள்ளை இருட்டில்கூட இல்லை, பட்டப்பகலில் என் விரலை வேண்டாம் என்றது. அன்று நான் அழுத அழுகை அவள் அழுகையை விடப் பெரியது.

ஆனால் விடவில்லை. சாக்பீஸ் பிடித்து என் விரல்நுனி சொரசொரத்துக் கிடந்தது, எண்ணெய் தேய்த்தேன். சாப்பாட்டு மணிக்குப் பிள்ளையையும் ஆயாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, ஆயாவைத் திண்ணையில் இருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலை ஒட்டித் தரையில் படுப்பேன். அக்காவைப் போலவே பாய் விரிக்காமல், அவளைப் போலவே வலது கையை நுழைத்து. தள்ளுவாள், திரும்ப வைப்பேன். சில நாள் சாப்பிடாமலே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ராஜபாளையத்துக்கு அந்த நாட்களில் போகவில்லை. என் கணவர்தான் இங்கே வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினார். ஒருநாள் மகள் விரலைத் தடவிப் பார்த்தாள், தள்ளவில்லை. பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். மணி அடித்தது. நான் எழுந்து போகவில்லை. தலைமை டீச்சரிடம் வாங்கிய திட்டு எனக்கு இனிப்பாக இருந்தது. அடுத்த தடவை வந்த கணவர் அவள் தூங்குவதைப் பார்த்தார். விட்டுப்போகும் பேச்சு அத்தோடு நின்றது.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் அக்கா எங்களைப் பார்க்க வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு காலையும் கையையும் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட்டாள். மகள் அவளிடம் ஒட்டிக்கொண்டு விளையாடினாள், அதை என்னால் பொறுக்க முடிந்தது. மத்தியானம் தூங்கும் நேரம் வந்ததும் அக்கா தன்னாலேயே போய்க் கட்டிலருகே தரையில் படுத்தாள். நான் வாசல்படியில் நின்றுகொண்டேன்.

அவள் விரலை நுழைத்தாள். தூக்கக் கலக்கத்தில் என் மகள் அதைத் தடவினாள், மேலும் கீழும், அதே மாதிரி. தள்ளிவிட்டாள். "ம்மா" என்றாள்.

நான் போய் மறுபக்கம் உட்கார்ந்து என் விரலைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். எனக்கு அன்று வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அக்காவுக்காக இரக்கப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். அவள் கையை மெல்ல வெளியே எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஈரம் எதுவும் இல்லாத கை.

கட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"எம்புட்டு நாளாச்சு ஒனக்கு, அவ பிடிக்க?"

"கொஞ்ச நாளாச்சு" என்றேன்.

"எங்கிட்ட மொத நாளே பிடிச்சுட்டா" என்றாள்.

அது உண்மையா, அந்த நேரத்து வயிற்றெரிச்சலில் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. அவளும் இன்று இல்லை. என் மகளுக்கு அந்தக் கட்டிலே ஞாபகமில்லை. மொத நாளே என்று அவள் சொன்னதை நான் மட்டும்தான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.